முறுக்குப் பெட்டியும் ஒரு கணக்குப் பாடமும்



ஆண்டிறுதி மதிப்பீடு, குறிப்பேடு திருத்துதல், பெற்றோர் சந்திப்பு எனப் பள்ளி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததால் சில வாரங்களாக இங்கு எதையும் எழுத இயலவில்லை. இன்று விடுமுறையின் முதல் நாள். நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை எழுதிவிடலாம் என்று அமர்ந்திருக்கிறேன். இலக்கணமோ கட்டுரைப் பயிற்சியோ அன்று; ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றியது. "ஆசிரியைக்கு எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் புன்னகைக்கலாம். அந்தப் பெட்டியால் என் அக்காள் பணம் இழந்தார். இழக்கச் செய்தவள் நான்.

என் அக்காள் என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், ஆட்குறைப்பில் அவருடைய வேலை போனது. வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர். அம்மாவிடம் கற்ற கைமுறுக்கைச் சுட்டு அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்கினார். ஓமம் போட்டது, பூண்டு போட்டது என இரண்டு வகை. மறு தீபாவளிக்கு ஆசிரியர் அறையிலேயே நூறு புட்டிகள் விற்றுக் கொடுத்தேன். சீன ஆசிரியத் தோழிகளும் மலாய்த் தோழிகளும் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கினார்கள்.

2023ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரத்துப் பேரங்காடி ஒன்று உள்ளூர்ச் சிறு தொழில் செய்வோரின் பலகாரங்களைத் தீபாவளிக்கு வாங்க முன்வந்தது. அக்காள், ஐம்பது வயது நிறைந்தவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்தார். பெரிய இரும்புச் சட்டியும் எரிவாயு அடுப்பும் வாங்கினார். இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். 720 புட்டிகள் கேட்டிருந்தார்கள். புட்டிக்கு 6 வெள்ளி.

முறுக்கு சுடுவது அக்காளின் பொறுப்பு. சீட்டு அச்சடிப்பது, கணக்கு எழுதுவது, பெட்டி பார்ப்பது என் பொறுப்பு.

பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். நான் பயின்ற காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று பெயர். இப்போது ஆசிரியர் கல்விக் கழகம் என்கிறார்கள். அங்கே பயிற்றுத் துணைப்பொருள் செய்வதற்காகக் கடை கடையாய் ஏறி அட்டைப்பெட்டி வாங்கி வருவோம். அன்றிலிருந்து இன்றுவரை என் வகுப்பறையின் பின்புறம் பெட்டிகள் இல்லாமல் இருந்ததில்லை. ஆகவே பழைய பெட்டி விற்கும் கடையில் பேரம் பேசி, ஒன்று ஒரு வெள்ளி வீதம் பதினெட்டுப் பெட்டிகள் வாங்கினேன். நீளம் 52 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 35. ஒரு பெட்டியில் இரண்டு தட்டாக 40 புட்டிகள். 18ஐ 40ஆல் பெருக்கினால் 720. கணக்குச் சரியாக வந்ததில் எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்தோம். ஒரு புட்டிக்குப் பெட்டிச் செலவு இரண்டரைக் காசுதான் என்று அக்காளிடம் பெருமையாகச் சொன்னேன்.

பத்து நாளில் பதினோரு பெட்டிகள் திரும்பி வந்தன.

மழைக்காலம். அட்டை ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து, பக்கங்கள் பிதுங்கியிருந்தன. அடியில் இருந்த புட்டிகளின் மூடிகள் வெடித்திருந்தன. சில புட்டிகளின் சீட்டுகள் கத்தியால் கிழிபட்டிருந்தன. உள்ளே இருந்த முறுக்கு பெரும்பாலும் தூளாகிவிட்டது. 440 புட்டிகள், 2,640 வெள்ளி. அக்காள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திரும்பி வந்த பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, "தூளானாலும் நல்ல மாவு, பாப்பா. வீசிடாதே" என்றார். அந்த மாதம் முழுவதும் எங்கள் இரு வீட்டிலும் தேநீருடன் முறுக்குத் தூள்தான். ஒவ்வொரு முறை கரண்டியால் அள்ளும்போதும் எனக்குத் தொண்டையில் இறங்காது.

என் கோபமெல்லாம் அப்போது அந்தப் பேரங்காடியின் மீதுதான் இருந்தது. "பொருளைப் பார்த்துக் கையாளத் தெரியாதவர்கள்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு சரக்குக் கிடங்கில் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் பிரிவில் வேலை. அதற்கு முன் சில ஆண்டுகள் பேரங்காடி ஒன்றில் இரவு நேரத்தில் அடுக்குகளை நிரப்பும் வேலை பார்த்தவன். ஐந்தாம் ஆண்டில் அவனுக்கு நான் கணிதம் கற்பித்தேன். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் "கணிதத்தில் அதிகக் கவனம் தேவை" என்று எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்கும் நினைவிருந்தது.

கூடத்தில் இருந்த பெட்டிகளைச் சுற்றி வந்தான். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அளந்தான். பிறகு தயக்கத்தோடு கேட்டான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பெட்டிய யார் எடுத்தது?"

"நான்தான்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, ஒரு தாளில் வரைந்து காட்டத் தொடங்கினான். அன்று இரண்டு மணி நேரம் நான் மாணவி.

அவன் சொன்னவற்றை எனக்குப் புரிந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். சிறு தொழில் செய்யும் யாருக்கேனும் பயன்படக்கூடும்.

நம் தந்தையர் காலத்து மளிகைக்கடையை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சீனர் கடையில் அரிசி மூட்டையிலும், பிஸ்கட் சதுரத் தகர டின்னிலும், எண்ணெய் பீப்பாயிலும் வந்து இறங்கும். கயிற்றில் தொங்கும் பால் டின்தான் கல்லாப்பெட்டி. அப்பா கேட்பார், கடைக்காரர் அளந்து, தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பொருளுக்காகப் பேசுவது கடைக்காரரின் வேலை. மூட்டை கடையின் பின்வாசலோடு தன் கடமையை முடித்துக்கொண்டது.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர் தாமே உள்ளே சென்று பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் எடுத்துத் தரும் ஆள் மறைந்தார். அவர் செய்த வேலையில் பாதியைப் பொருளின் உறையும், மீதியை அதைச் சுமந்து வரும் பெட்டியும் ஏற்க வேண்டியதாயிற்று.

பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. நெளிநெளியாக மடித்த தாளுக்கு 1856இல் இங்கிலாந்தில் இருவர் காப்புரிமை பெற்றபோது அது உயரமான தொப்பிகளின் உட்புறத்துக்குத்தான் பயன்பட்டது. 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குச் சிமினிகளையும் சுற்றி அனுப்ப அதற்குக் காப்புரிமை பெற்றார். 1879இல் புரூக்ளினில் காகிதப் பை செய்துவந்த ராபர்ட் கேர் என்பவரின் ஆலையில், மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகத் தகடு இடம் தவறிப் பைகளை வெட்டிவிட்டதாம். பல பைகள் பாழாயின. ஆனால் வெட்டுவதையும் மடிப்புக்கோடு போடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்பது அந்தப் பிழையிலிருந்து அவருக்குத் தோன்றியது. தட்டையாக வந்து, மடித்தால் பெட்டியாகும் அட்டை அப்படித்தான் பெருகியது. பிழை செய்த மற்றொருவரைப் பற்றிப் படித்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இனி, என் பெட்டியின் பிழைகள்.

முதற்பிழை அளவு. கிடங்குகளில் பெட்டிகளைத் தனித்தனியாகத் தூக்குவதில்லை. பேலட் எனப்படும் மரத்தட்டின் மீது அடுக்கி, பாரந்தூக்கி வண்டியால் மொத்தமாக எடுக்கிறார்கள். உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதற்கு ஆறு அளவுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அவன் வேலை செய்யும் கிடங்கில் புழங்குவது 120 சென்டிமீட்டருக்கு 100. என்னுடைய 52க்கு 45 பெட்டி அதில் ஒரு தட்டுக்கு நான்குதான் அமரும். நான்கு பெட்டிகளின் பரப்பு 9,360. பேலட்டின் பரப்பு 12,000. நூற்றில் 22 பங்கு வெற்றிடம். லோரி நிறைந்து போவதாக நினைக்கிறோம்; ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றைத்தான் ஏற்றி அனுப்புகிறோம்.

ஆகவேதான் பெட்டிக்கு 60க்கு 40 என்ற ஓர் அடிப்படை அளவை வைத்திருக்கிறார்கள். பெட்டிகள் எல்லாம் அந்த அளவிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் பாதியான 40க்கு 30, கால்பங்கான 30க்கு 20 ஆகியவையும் அதே குடும்பம். எந்த ஊர்ப் பெட்டியும் எந்த ஊர்ப் பெட்டியோடும் இடைவெளியின்றிச் சேர்ந்து அமரும்.

இரண்டாவது பிழை, பலத்தைப் பற்றிய என் அறியாமை. அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலைக்கு நேர்மேல் மூலை அமர்ந்தால் பாரத்தைத் தாங்கும். என் பெட்டி பேலட்டின் ஓரத்தோடு பொருந்தாததால் அடுக்கு நகர்ந்து, மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் அமர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு ஈரம் வேறு. ஈரம் ஏறிய அட்டை தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஒரு புட்டி கால் கிலோ எடை. ஒரு பெட்டி 10 கிலோ. பதினெட்டுப் பெட்டிகளையும் ஐந்து தட்டாக அடுக்கியபோது அடிப்பெட்டியின் மேல் 40 கிலோ.

மூன்றாவது பிழைதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

"டீச்சர், ராத்திரி பத்து மணிக்கு மேல வேலை ஆரம்பிப்போம். காலையில கடை திறக்கறதுக்குள்ள அடுக்கெல்லாம் நிறையணும். இந்தப் பெட்டி வந்தா முதல்ல உள்ளே என்ன இருக்குன்னே தெரியாது. நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கணும். அப்புறம் கத்தியால நாடாவ அறுக்கணும். அவசரத்துல கத்தி உள்ள இறங்கும். அப்புறம் நாற்பது புட்டியையும் ஒண்ணொண்ணா எடுத்து வைக்கணும். அடுக்குல பன்னிரண்டுதான் கொள்ளும். மிச்சம் இருபத்தெட்டும் திறந்த பெட்டியோட பின்னாடி போய்டும். போனது போனதுதான். முன்னாடி அடுக்கு காலியா இருக்கும். பின்னாடி சரக்கு இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டு இடக்கையின் கட்டைவிரலைக் காட்டினான். அடிப்பகுதியில் ஒரு நீண்ட தழும்பு. பேரங்காடி வேலையின் முதல் மாதத்தில் பெட்டி அறுக்கும் கத்தி பட்டதாம்.

புட்டிகளின் சீட்டுகளைக் கிழித்த கத்தியை நான் எத்தனை முறை வைதிருப்பேன்! அந்தக் கத்தியைப் பிடித்த கையை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சிக்கலுக்கு வணிக உலகம் கண்ட விடையை 'அடுக்குக்குத் தயாரான பெட்டி' என்று நாம் தமிழில் சொல்லலாம். ஆலையிலிருந்து கடை வரை சுமந்து வரும் அதே பெட்டி, மூடியை நீக்கியதும் அப்படியே அடுக்கில் அமர்ந்து கடைத்தட்டாக மாறிவிடும். ஜெர்மனியின் ஆல்டி போன்ற சிக்கனக் கடைகள் வெகுகாலமாகவே பெட்டியைத் திறந்து அப்படியே வைத்து விற்றன. 2000களில் பிரிட்டனின் பெரிய பேரங்காடிகள் இதைத் தம் விற்பனையாளர்களிடம் வற்புறுத்திக் கேட்டன. 2006இல் ஐரோப்பாவின் ஈ.சி.ஆர். என்னும் வணிகக் கூட்டமைப்பு இதற்கு ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அந்தத் துறையில் இதன் இலக்கணத்தை ஐந்து 'எளிது'களாகச் சுருக்கிச் சொல்கிறார்கள். எளிதில் அடையாளம் காண வேண்டும். எளிதில் திறக்க வேண்டும். எளிதில் அடுக்கில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் எளிதில் எடுக்க வேண்டும். வெறும் பெட்டியை எளிதில் அப்புறப்படுத்த வேண்டும்.

ஐந்தையும் என் பெட்டியோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்குச் சுழியம்.

மறுவாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பரப்பளவுப் பாடம் வந்தது. பாடநூலை மூடி வைத்துவிட்டுக் கட்டத்தாளைக் கொடுத்தேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம். 12 கட்டத்துக்கு 10 கட்டம் என ஒரு பேலட் வரையச் சொன்னேன். 6க்கு 4 என்ற அளவில் வண்ணத்தாள் துண்டுகளை வெட்டி, இடைவெளியின்றி நிரப்பச் சொன்னேன். 120ஐ 24ஆல் வகுத்தால் ஐந்து என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஐந்தை அமர்த்திக் காட்டத்தான் முடியவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்தார்கள், நான்குதான் அமர்ந்தன. பத்து நிமிடம் கழித்துப் பின்வரிசையில் ஒரு சிறுமி, "டீச்சர், ரெண்ட படுக்க வச்சு மூண நிக்க வச்சா வருது!" என்று கத்தினாள். ஆம். ஒரு வரிசையில் இரண்டு, 60ம் 60ம் 120. அடுத்த வரிசையில் மூன்று, 40ம் 40ம் 40ம் 120. ஆழத்தில் 40ம் 60ம் 100. ஓர் இம்மியும் மிச்சமில்லை.

வகுப்பில் வழக்கமாக வாய் திறக்காத பிள்ளை அவள். கணிதத்தில் 'கவனம் தேவை' என்று நான் எழுத வேண்டியிருந்த பிள்ளை. அந்தச் சொற்களை இப்போது நான் அவ்வளவு எளிதாக எழுதுவதில்லை.

அதே வகுப்பில் இன்னொரு சோதனையும் செய்தோம். வெறும் தாளை இரண்டு அகராதிகளுக்கு நடுவே பாலம்போல் வைத்து, மேலே பென்சில் பெட்டியை வைத்தால் தாள் வளைந்து விழுகிறது. அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் தாங்குகிறது. அட்டையின் நடுவே இருக்கும் நெளிவின் இரகசியம் அவ்வளவுதான். அன்று மாணவர்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் குப்பையிலிருந்து பெட்டிகளைப் பொறுக்கி வந்து நெளிவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குடைச் சின்னம் ஈரம் படக்கூடாது என்பதையும், கண்ணாடிக் கோப்பை உடையும் என்பதையும், இரட்டை அம்பு மேற்பக்கத்தையும் குறிக்கும் எனச் சொன்னேன். எந்த மொழி பேசுபவருக்கும் புரியும் எழுத்து அது.

சரி, அக்காளின் முறுக்குக்கு வருவோம்.

எங்கள் புட்டியின் குறுக்களவு 9.2 சென்டிமீட்டர், உயரம் 15. 40க்கு 30 பெட்டியில் நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் மூன்றுமாகப் பன்னிரண்டு புட்டிகள், அட்டையின் கனம் போக, சரியாக அமரும். அடுக்கில் கொள்ளும் எண்ணிக்கையும் பன்னிரண்டுதான். அதாவது, ஒரு பெட்டி வந்தால் முழுவதும் அடுக்குக்குப் போகும். பின்னறைக்கு எதுவும் திரும்பாது. 120க்கு 100 பேலட்டில் ஒரு தட்டுக்குப் பத்துப் பெட்டிகள். எப்படி என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கட்டத்தாள் கொடுத்துக் கேளுங்கள்; விடையை நான் சொல்லப் போவதில்லை.

துளைக்கோடு போட்டுக் கிழித்துத் திறக்கும் வகைப் பெட்டிதான் முதலில் எங்கள் விருப்பம். ஆனால் அதற்குத் தனியாக வெட்டு அச்சு செய்ய வேண்டும். எங்களைப் போன்ற சிறு அளவுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. என் மாணவன்தான் மாற்று வழி சொன்னான். கீழே முன்பக்கம் தாழ்ந்த ஒரு தட்டு. அதன்மேல் அடிவரை இறங்கும் முழு மூடி. கத்தி வேண்டாம், மூடியைத் தூக்கினால் போதும். தட்டும் மூடியும் சேர்ந்து நிற்பதால் மூலைகளுக்கும் இரட்டைப் பலம். தட்டின் முன்விளிம்பு புட்டியின் சீட்டை மறைக்காத உயரம். பக்கவாட்டில் பொருளின் பெயரும் காலாவதித் தேதியும் பெரிய எழுத்தில்.

பட்டைக்குறி பற்றியும் அப்போதுதான் அறிந்தேன். புட்டிக்கு ஓர் எண், பெட்டிக்கு வேறோர் எண். புட்டியில் 13 இலக்கம், பெட்டியில் 14. பெட்டியின் பட்டைக்குறியைச் சுற்றித் தடித்த கறுப்புச் சட்டம் இருப்பது அழகுக்கன்று. சொரசொரப்பான அட்டையில் அச்சுப் பலகையின் அழுத்தம் சீராகப் பரவவும், கருவி பாதிக் குறியைப் படித்துவிட்டு ஏமாறாமல் இருக்கவும்தான். 955 என்று தொடங்கினால் மலேசியாவில் செய்த பொருள் என்று பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணை வழங்கிய அமைப்பு மலேசியாவைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அட்டை ஆலையில் குறைந்தது 500 பெட்டிகள் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒன்று 2 வெள்ளி 40 காசு. மொத்தம் 1,200 வெள்ளி. ஒரு புட்டிக்கு 20 காசு. முன்னே இரண்டரைக் காசு. இப்போது எட்டு மடங்கு. கணக்கைப் பார்த்த அக்காள் நெடுநேரம் பேசவில்லை.

"பாப்பா, பெட்டியைத் திறக்கிற வேலை கடைக்கு மிச்சம். அதுக்குக் காசு மட்டும் நான் கொடுக்கணுமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பல்லாயிரம் பெட்டிகள் அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டன்று. இலாபம் ஒரு வெள்ளியும் சில காசுகளுமாக இருக்கும் கைமுறுக்குக்கு இருபது காசு பெரிய தொகை. தரம் என்று ஒன்றை வகுக்கும்போது, அதன் நன்மை பெரியவரிடமும் சுமை சிறியவரிடமும் போய்ச் சேர்வது பல துறைகளிலும் நடப்பதுதான். பேரங்காடிகள் உள்ளூர்ச் சிறு தொழில் செய்வோரை உண்மையாகவே ஆதரிக்க விரும்பினால், அளவைச் சொல்வதோடு நில்லாமல், பலர் சேர்ந்து ஒரே பெட்டியை மொத்தமாக வாங்கவும் வழி செய்யலாம். நாங்கள் அதை எங்கள் அளவில் செய்துகொண்டோம். இதே அளவுப் புட்டியில் அச்சு முறுக்கு விற்கும் இரண்டு சகோதரிகளோடு பேசி, 500 பெட்டிகளை மூவராகப் பங்கிட்டோம். பெயரை மட்டும் சீட்டாக ஒட்டிக்கொள்ளலாம். பெட்டி ஒன்றுபோல் இருப்பதால் கைப்பக்குவம் ஒன்றாகிவிடாதே!

வேறு ஒரு பேரங்காடிக்குப் போகலாமா என்றும் பேசினோம். அக்காள்தான் மறுத்தார். திருப்பி அனுப்பிய அதே இடத்தின் கொள்முதல் அதிகாரியிடம் மாதிரிப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அதிகாரி மூடியைத் தூக்கினார், மூடினார், மீண்டும் தூக்கினார். வேறொன்றும் கேட்கவில்லை.

2024ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு முன் அதே 720 புட்டிகள் போயின. அறுபது பெட்டிகள், ஆறு தட்டுகள். முந்தின ஆண்டு என் ஐந்து தட்டுகளின் உயரம் 175 சென்டிமீட்டர். என்னைவிட உயரம்! இம்முறை 99தான். ஒரு பெட்டியின் எடை ஏறக்குறைய மூன்று கிலோ. நானே ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு நானும் அக்காளும் வாடிக்கையாளர்களைப் போல அந்தப் பேரங்காடிக்குள் போனோம். எங்கள் தட்டு ஒன்று அடுக்கில் இருந்தது. முன்வரிசையில் ஒரு புட்டி எடுக்கப்பட்டு, அந்த இடம் பல் விழுந்த வாய்போல் இருந்தது. அக்காள் பின்னால் இருந்த புட்டியை மெல்ல முன்னே இழுத்து வைத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு வகையையும் சரிசெய்தார். அதன்பின் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கடையைவிட்டு வெளியே வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அந்த ஆண்டு திரும்பி வந்தவை இரண்டு புட்டிகள். பணமும் சொன்ன தேதியில் வந்தது. முந்தின ஆண்டு இழப்பு அதனால் ஈடாகிவிடவில்லை. அதற்கு இன்னும் ஒன்றிரண்டு தீபாவளிகள் தேவை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். சிக்கனத்தைப் பற்றிய பழமொழி என்றே இத்தனை நாளும் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லி வந்தேன். அளந்து போடாவிட்டால் அந்தக் குறையை வேறு யாரோ தம் முதுகாலும் விரலாலும் சரிக்கட்ட வேண்டியிருக்கும் என்பதை என் மாணவனின் தழும்பைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். நாம் அனுப்பும் பெட்டியை நள்ளிரவில் திறப்பவரை நாம் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. அவருடைய வேலை எளிதாகட்டும் என்று இரண்டு சென்டிமீட்டரைச் சரியாக அளப்பதும் ஒரு மரியாதைதான்.

புதிய பெட்டிகளில் முதல் பெட்டி நிறைய முறுக்கை அக்காள் என் மாணவனின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். "முறுக்கு நல்லா இருந்துச்சு டீச்சர். பெட்டிய வீசல, பிள்ளையோட விளையாட்டுச் சாமானெல்லாம் போட்டு வச்சிருக்கேன்" என்றான்.

அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போது, பொருளை எடுப்பதற்கு முன் அது அமர்ந்திருக்கும் தட்டையும் ஒருமுறை பாருங்கள், அன்பர்களே.